வேலை நின்றுபோனால் வாடகையை எப்படிச் சமாளிப்பது? கொரோனா காலம் காட்டிய வழிகள்

2020 மார்ச் 24 இரவு நாடு முழுவதும் ஊரடங்கு அறிவித்தார்கள். அடுத்த வாடகைக்கு ஒரு வாரம்தான் பாக்கி. ஓட்டல், கட்டட வேலை, பனியன் கம்பெனி, ஆட்டோ என்று தினக்கூலியை நம்பியிருந்தவர்கள் கைக்காசு கரைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்படி ஒரு நிலை மறுபடி வந்தால் என்ன செய்வது என்பதை, இதுவரை ஒரு மனுகூட எழுதிப் பழகாதவர்களுக்காக எழுதுகிறேன். சட்ட விவரங்கள் தமிழ்நாட்டு நகரங்களில் வாடகைக்கு இருப்பவர்களுக்குப் பொருந்தும்.

1. அரசு உத்தரவை வரி வரியாகப் படியுங்கள்

2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை அமைச்சகம், பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இன் கீழ் ஓர் உத்தரவு போட்டது. வெளியூர்த் தொழிலாளர்கள் உட்பட, வாடகைக்கு இருக்கும் தொழிலாளர்களிடம் வீட்டுக்காரர்கள் ஒரு மாத வாடகையைக் கேட்கக் கூடாது. தொழிலாளர்களையோ மாணவர்களையோ கட்டாயப்படுத்திக் காலி செய்ய வைத்தால் நடவடிக்கை உண்டு என்றது. அந்தச் சட்டத்தின் 51-ஆம் பிரிவுப்படி உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம்.

ஆனால் அந்த வாடகை தள்ளுபடி என்று உத்தரவில் எங்கும் இல்லை. இதைக் கவனிக்காமல் "அரசாங்கமே கட்ட வேண்டாம்னு சொல்லிடுச்சு" என்று இருந்துவிட்டால், பின்னால் பாக்கி மொத்தமாக வந்து நிற்கும். அதே மார்ச் 29 அன்று டெல்லி முதல்வர், ஏழைகளால் கட்ட முடியாத வாடகையை அரசே கொடுக்கும் என்று அறிவித்தார். அந்த வாக்குறுதி அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அதற்குத் தடை போட்டது. டிவியில் வரும் அறிவிப்பை நம்பி வாடகையை நிறுத்தாதீர்கள். உத்தரவின் நகலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. உங்களுக்கு வர வேண்டிய பணத்தைத் தேடுங்கள்

2020-இல் பி.எஃப். கணக்கிலிருந்து மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகை, அல்லது இருப்பில் 75 சதவீதம், இதில் எது குறைவோ அதைத் திருப்பிக் கட்டத் தேவையில்லாத முன்பணமாக எடுக்க விட்டார்கள். இ.எஸ்.ஐ.யில் இருந்து வேலை இழந்தவர்களில் தகுதியுள்ளோருக்கு, சராசரிச் சம்பளத்தில் பாதியை 90 நாள் வரை தரும் திட்டம் இருந்தது. தமிழ்நாட்டில் அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாய் வந்தது. அந்தச் சலுகைகளில் பல அந்த நேரத்துக்கானவை. அடுத்த முறை வேறு பெயரில் வரலாம். அப்போது ஓடாமல் இருக்க, பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணோடு ஆதாரும் வங்கிக் கணக்கும் சரியாக இணைந்திருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரிய அட்டை காலாவதி ஆகியிருந்தால் புதுப்பியுங்கள்.

3. வாடகைத் தேதிக்கு முன்னால் பேசுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். தேதி தாண்டி, போனை எடுக்காமல், வாசலில் பார்த்தால் ஒதுங்கிப் போனால், நியாயமான வீட்டுக்காரர்கூட சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவார்.

என்ன கேட்கலாம்? முழுத் தள்ளுபடி கேட்பதில் தவறில்லை, ஆனால் கிடைப்பது அரிது. வாடகையை மட்டுமே வைத்துப் பிழைக்கும் ஒரு வயதான அம்மாவிடம் அதைக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பாதியை இப்போது கொடுத்து மீதியைத் தவணையாகத் தருகிறேன் என்றால் பெரும்பாலும் பேச்சு ஓடும். அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்வது இன்னொரு வழி. அப்படிச் செய்தால் ஒரு மாத வாடகையாவது அட்வான்ஸில் மிச்சம் இருக்கட்டும். கரண்ட் பில்லும் பெயிண்ட் செலவும் யார் தலையில் விழும் என்ற பயம் வீட்டுக்காரருக்கு இருக்கும். அவருக்கு வீட்டுக்கடன் இருக்கிறதா என்றும் கேளுங்கள். 2020-இல் ரிசர்வ் வங்கி தவணைகளை முதலில் மூன்று மாதமும், பிறகு ஆகஸ்ட் 31 வரையும் தள்ளிவைக்க அனுமதித்தது. வட்டி ஓடும், ஆனாலும் அவருக்கும் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்தது.

4. பேசியதை எழுத்தில் வாங்குங்கள்

வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும். இப்படி:

"ஐயா, வணக்கம். மாடி போர்ஷனில் மாதம் 6,500 ரூபாய் வாடகைக்கு இருக்கிறோம். ஊரடங்கால் எங்கள் ஓட்டல் மூடியிருக்கிறது, இந்த மாதம் சம்பளம் இல்லை. முதலாளி கொடுத்த கடிதத்தின் படத்தை இணைத்திருக்கிறேன். ஏப்ரல் வாடகையில் 2,500 ரூபாயை 5-ஆம் தேதி அனுப்புகிறேன். மீதி 4,000 ரூபாயை, ஜூலை முதல் மாதம் 1,000 வீதம் நான்கு மாதத்தில், வாடகையோடு சேர்த்துத் தருகிறேன். நேற்று நேரில் பேசியபடி உங்களுக்குச் சம்மதம் என்றால் 'சரி' என்று பதில் போடுங்கள் ஐயா."

காரணம், சான்று, தொகை, தேதி நான்கும் இதில் இருக்கின்றன. "நிலைமை சரியானதும் தருகிறேன்" என்று எழுதாதீர்கள். தேதி இல்லாத வாக்கை யாரும் நம்ப மாட்டார்கள். முடியாத தொகையையும் எழுதாதீர்கள். பதில் வந்ததும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள்.

5. ஒத்துவராவிட்டால்

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் புதிய வாடகைச் சட்டப்படி, வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, பதிவும் ஆக வேண்டும். லைன் வீடுகளில் பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். அப்படியானால் ஜிபே பதிவுகள், கேஸ் ரசீது, ரேஷன் அட்டை முகவரி என்று நீங்கள் அங்கே குடியிருப்பதைக் காட்டும் எதையும் சேர்த்து வையுங்கள்.

இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்தால், காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் வழக்குப் போட அது ஒரு காரணமாகிவிடும். அதனால் கொஞ்சமாவது கட்டிக்கொண்டே இருங்கள். அப்போதும் வெளியேற்றும் உத்தரவை வாடகை நீதிமன்றம்தான் போட முடியும். வீட்டுக்காரரே பூட்டுப் போடவோ சாமானைத் தெருவில் வைக்கவோ முடியாது. தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால், துணை ஆட்சியர் நிலையில் இருக்கும் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். கொடுக்கும் வாடகையை வீட்டுக்காரர் வாங்க மறுத்தால் அதே அதிகாரியிடம் செலுத்தவும் வழி இருக்கிறது.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கூப்பிடலாம். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. கிட்டத்தட்ட ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் அலுவலகம் இருக்கிறது.

6. பாக்கியை அடைக்கும்போது

வேலை திரும்பியதும் அந்த மாத வாடகையையும் பழைய பாக்கியையும் தனித்தனியாக அனுப்புங்கள். ஜிபே குறிப்பில் "ஜூலை வாடகை" என்று ஒன்று, "ஏப்ரல் பாக்கி, முதல் தவணை" என்று இன்னொன்று. ரொக்கமாகக் கொடுத்தால் அன்றைக்கே ரசீதில் கையெழுத்து வாங்குங்கள். கடைசித் தவணை முடிந்ததும், "ஏப்ரல் பாக்கி முழுவதும் வந்துவிட்டது" என்று வீட்டுக்காரரிடம் ஒரு வரி கேட்டு வாங்கி, முதல் செய்தியோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். காலி செய்து அட்வான்ஸைத் திரும்பக் கேட்கும் நாளில் அது தேவைப்படும்.