ஹோமர் குஞ்சைப் புதுக்கூட்டில் பழக்க

பந்தயத்துக்கு ஹோமர் புறா (தூரத்தில் விட்டாலும் தன் கூட்டுக்குத் திரும்பும் இனம்) வளர்க்கத் தொடங்குகிறவர்கள் பறந்து பழகிய பெரிய புறாவை வாங்காதீர்கள். திறந்துவிட்டால் பழைய கூட்டுக்கே போய்விடும். 28 முதல் 35 நாளான குஞ்சுதான் சரி. தலையில், கழுத்தில் மஞ்சள் பூமயிர் ஒன்றிரண்டு இன்னும் ஒட்டியிருக்கும்; கீச்சுக்குரல் மாறியிருக்காது.

முதல் வாரம் கூண்டின்மேல் கம்பிவலைப் பெட்டி வைத்து, சுற்றுப்புறத்தை உள்ளிருந்தே பார்க்க விடுங்கள். ஒரு புறாவுக்கு நாளைக்கு 30 கிராம் தீனி போதும்: கம்பு, சோளம், பாசிப்பயறு, கூடவே பொடித்த சிப்பி. தீனி போடும்போதெல்லாம் டப்பாவைக் குலுக்குங்கள். பிறகு சாயங்காலத் தீனிக்கு முன், பசியோடு திறந்துவிடுங்கள். கையால் தூக்கி எறியவே கூடாது. தானாக வெளியே வரட்டும். வயிறு நிறைந்த குஞ்சு டப்பா சத்தத்துக்கு இறங்காது. தென்னையில் அடைந்து, ராத்திரி மரநாய்க்கு இரையாகிவிடும், பாவம்.

ஒரு மணி நேரம் கூட்டமாக வட்டமடித்தால் தூரப் பழக்கத்துக்குத் தயார். நாகர்கோவிலில் கூடு என்றால் 2, 5, 10 கிலோமீட்டர், அப்புறம் ஆரல்வாய்மொழி, வள்ளியூர், நாங்குநேரி என்று தள்ளித் தள்ளிக் கொண்டுபோய்த் திறந்துவிடுங்கள். இடத்துக்கு இரண்டு மூன்று முறை. ஆனி, ஆடியில் மட்டும் வேண்டாம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீடு திரும்பும் குஞ்சுக்கு அப்போது எதிர்க்காற்று.