வேலூர் அடுப்பில் ஏற்காட்டுக் காப்பிக்கொட்டை

ஏற்காட்டுச் சிறு விவசாயியிடமே பச்சைக் காப்பிக்கொட்டையை வாங்கினால் இடைத்தரகருக்குப் போகும் பங்கு அவருக்கே சேரும் என்பதால், அங்கே பேரம் பேசாமலிருப்பதே முறை. பழுத்த பழங்களை மட்டும் பறித்தாரா என்று மட்டும் கேளுங்கள்.

வீட்டில், 200 கிராம் கொட்டையைக் கனமான இரும்பு வாணலியில் இட்டு, மிதமான தீயில் கை ஓயாமல் கிளறுங்கள். பச்சை நிறம் மஞ்சளாகி, புல் வாசம் ரொட்டி வாசமாக மாறியபின், ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸில் கொட்டைகள் சோளப்பொரிபோல் வெடிக்கத் தொடங்கும். அந்தச் சத்தம் அடங்கியபின், ஃபில்டர் காப்பிக்காக இன்னும் சற்றே நிறம் ஏறவிட்டு இறக்குங்கள். உடனே முறத்தில் கொட்டிப் புடைத்தால் மேல்தோல் பறக்கும், சூடும் தணியும். வேலூரின் மே மாதத்தில் மின்விசிறியும் தேவைப்படும். எடை சுமார் 30 கிராம் குறைந்திருக்கும். பெரும்பாலும் ஈரப்பதம்தான் போயிருக்கும். ஒரு நாள் கழித்து அரையுங்கள்.