பூமியின் உள்ளே என்ன இருக்கிறது? சேலத்தில் இருந்தபடியே கண்டறியும் வழி

பூமியின் குறுக்குவெட்டுப் படத்தைப் பள்ளியில் எல்லோரும் வரைந்திருப்போம். மேலோடு, கவசம், கருவம் என்று வட்டத்துக்குள் வட்டமாக வண்ணம் தீட்டி மதிப்பெண்ணும் வாங்கியிருப்போம். கருவம் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்குகிறது என்பதை யார் அளந்தார்கள், எதை வைத்து அளந்தார்கள் என்பதை மட்டும் அந்தப் படம் சொல்வதில்லை. மனிதன் போட்ட மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது. அதன் ஆழம் 12,262 மீட்டர். பூமியின் மையமோ 6,371 கிலோமீட்டர் கீழே. ஐநூறில் ஒரு பங்கு ஆழத்தைக்கூட நாம் தோண்டித் தொட்டதில்லை.

ஆனாலும் உள்ளே இருப்பது தெரிகிறது. எப்படித் தெரிகிறது என்பதைப் படித்து மனப்பாடம் செய்வதைவிட, நீங்களே ஒரு முறை செய்து பார்ப்பது மேல். டிஜிட்டல் சமையல் தராசு, நூல், தண்ணீர்ப் பாத்திரம், காம்பஸ், பாகைமானி, அளவுகோல், கால்குலேட்டர் ஆகியவை வேண்டும். பக்கத்துப் பள்ளியில் ஓர் உலக உருண்டை கிடைத்தால் நல்லது.

படி 1: ஒரு கல்லின் அடர்த்தியைக் கண்டுபிடியுங்கள்

ஏற்காடு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் பாறையை வெட்டிய இடங்களில் கருநீல நிறத்தில் தெரிவது சார்னோகைட்டு. சேர்வராயன் மலையின் பெரும்பகுதி இதுதான். மலைக்குப் போய் உடைக்க வேண்டாம். சேலத்தில் வீடு கட்டும் இடங்களில் கொட்டிக் கிடக்கும் கருங்கல் ஜல்லியிலேயே இந்த இனத்துக் கல் கிடைக்கும். கேட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் கல்லை உலர்ந்த நிலையில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்து, அளவைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். கல்லை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுவதும் மூழ்கும்படி பிடியுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம் எண்ணே கல்லின் கன அளவு, கன சென்டிமீட்டரில். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். கல் அடியைத் தொட்டால் கணக்கு கெட்டுவிடும் என்பதால் கை நடுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சார்னோகைட்டுக்கு 2.7 முதல் 2.9 வரை கிடைக்கும். கஞ்சமலையின் இரும்புத் தாதுக் கல் கிடைத்தால் அதையும் போட்டுப் பாருங்கள், மூன்றைத் தாண்டிவிடும். உலகில் எங்கே போனாலும் தரைமேல் கிடக்கும் சாதாரணப் பாறைகள் மூன்றுக்கு உள்ளேயே நிற்கும். இந்த எண்ணை நினைவில் வையுங்கள்.

படி 2: பூமியை எடை போடுங்கள்

பூமி நம்மை எவ்வளவு வலுவாக இழுக்கிறது என்பது நமக்குத் தெரியும்: விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 9.78 மீட்டர் கூடுகிறது. பூமியின் ஆரமும் தெரியும். தெரியாமல் இருந்தது ஒன்றுதான்: ஒரு குறிப்பிட்ட எடையுள்ள பொருள் மற்றொன்றை எவ்வளவு இழுக்கும்? 1798இல் ஹென்றி கேவண்டிஷ் மெல்லிய கம்பியில் தொங்கவிட்ட தண்டின் இரு முனைகளிலும் ஈயக் குண்டுகளைப் பொருத்தி, பெரிய ஈயக் குண்டுகள் அவற்றை இழுக்கும் நுண்ணிய விசையை அளந்தார். அதிலிருந்து பூமியின் நிறை கிடைத்தது. இன்றைய கணக்கில் அது ஏறத்தாழ 6 என்று எழுதி 24 சுழியங்கள் சேர்த்தால் வரும் கிலோகிராம்.

பூமியின் கன அளவு சுமார் 1.08 லட்சம் கோடி கன கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள். ஒரு கன கிலோமீட்டர் தண்ணீர் 100 கோடி டன் என்றால், பூமியின் ஒரு கன கிலோமீட்டர் சராசரியாக 550 கோடி டன் வரும். அதாவது அடர்த்தி 5.5.

உங்கள் கல்லுக்கு வந்தது 2.8. முழுப் பூமிக்கும் வருவது 5.5. மேலே இருப்பது சராசரியைவிட இவ்வளவு லேசானது என்றால், உள்ளே சராசரியைவிட மிகக் கனமான ஒன்று இருந்தே தீர வேண்டும். ஆழத்தில் அழுத்தம் கூடுவதால் பாறை இறுகி அடர்த்தி கொஞ்சம் ஏறும் என்பது உண்மைதான்; ஆனால் அது மட்டும் இந்த இடைவெளியை நிரப்பப் போதாது. ஒரு தராசை வைத்து இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்.

படி 3: இரண்டு அலைகளுக்கு இடையிலான நேரத்தைப் பாருங்கள்

நிலநடுக்கம் இரண்டு வகை அலைகளைப் பூமிக்குள் அனுப்புகிறது. முதன்மை அலை பாறையை முன்னும் பின்னும் நெருக்கித் தளர்த்தியபடி போகும். இரண்டாம் அலை பாறையைப் பக்கவாட்டில் உலுக்கியபடி போகும். மேலோட்டில் முதலாவது வினாடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டரும் இரண்டாவது 3.5 கிலோமீட்டரும் செல்கின்றன. 100 கிலோமீட்டருக்கு இரண்டும் எடுக்கும் நேரத்தைக் கணக்கிட்டுக் கழியுங்கள்: 12 வினாடி. ஆக, நிலநடுக்கமானி வரையும் பதிவுத்தாளில் இரண்டு அலைகளும் 12 வினாடி இடைவெளியில் வந்திருந்தால் நிலநடுக்கம் 100 கிலோமீட்டர் தொலைவில் நடந்திருக்கிறது. மூன்று பதிவு நிலையங்களிலிருந்து தொலைவு தெரிந்தால் இடமே தெரிந்துவிடும்.

நெடுந்தொலைவுப் பதிவுகளில் இந்த அலைகளைப் பிரித்து அடையாளம் கண்டவர் ரிச்சர்டு டிக்சன் ஓல்டாம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றி, 1897 அசாம் நிலநடுக்கத்தை ஆராய்ந்தவர் அவர். நவீன நிலநடுக்கவியலின் தொடக்கத்தில் நம் நாட்டு நிலத்துக்கு இப்படி ஓர் இடம் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

1909இல் குரோஷியாவில் ஒரு நிலநடுக்கம். அதன் பதிவுகளில், சற்றுத் தொலைவான நிலையங்களுக்கு அலை எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வந்திருப்பதை ஆந்திரியா மொகோரோவிசிக் கவனித்தார். கீழே அலை வேகமாக ஓடும் வேறொரு பாறை இருக்கிறது; அலை அதற்குள் இறங்கி ஓடி மேலே ஏறி வந்திருக்கிறது. மேலோட்டின் அடிப்பகுதி இப்படித்தான் தெரிந்தது. நம் பகுதியில் அது 40 கிலோமீட்டரை ஒட்டிய ஆழத்தில் இருக்கிறது.

இங்கே சேலத்துக்காரர்களுக்கு ஒரு பெரும் பேறு. உங்கள் கையில் இருக்கும் சார்னோகைட்டு, சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் மேலோட்டின் கீழ்ப்பகுதியில், 20 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் உருவானது. அதில் உள்ள கனிமங்கள் எந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் சேர்ந்து நிலைக்கும் என்பதை ஆய்வகத்தில் சோதித்து இந்த ஆழத்தைக் கணிக்கிறார்கள். மேலே இருந்த பாறையெல்லாம் அரித்துப் போக, அடிப்பகுதி மேலே வந்துவிட்டது. மேக்னசைட் ஜங்ஷன் பக்கம் வெள்ளைக் கோடுகள் ஓடும் சுரங்கப் பகுதியில் ட்யூனைட் என்ற பாறையும் உண்டு. ஆலிவின் கனிமம் நிறைந்த அந்தப் பாறை கவசத்தின் வழித்தோன்றல். மலையேறும் பஸ்ஸின் ஜன்னல் வழியே மேலோட்டின் அடித்தளத்தைப் பார்க்கும் வாய்ப்பு எல்லா ஊருக்கும் கிடைப்பதில்லை.

படி 4: நிழலை வரையுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். புவி அறிவியலிலேயே மிக அழகான வாதம் இதுதான் என்பேன்.

6.4 சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். ஒரு சென்டிமீட்டர் என்பது 1,000 கிலோமீட்டர். உச்சியில் ஒரு புள்ளி வைத்து, அங்கே நிலநடுக்கம் என்று குறியுங்கள். மையத்தில் பாகைமானியை வைத்து, அந்தப் புள்ளியிலிருந்து 104 பாகையில் வட்டத்தின் மேல் இன்னொரு புள்ளி வையுங்கள்.

பெரிய நிலநடுக்கம் ஒவ்வொன்றிலும் உலக நிலையங்கள் காண்பது இது: 104 பாகை வரை இரண்டு அலைகளும் தெளிவாக வருகின்றன. அதற்கு அப்பால் இரண்டாம் அலை நேர்வழியில் எங்கும் வருவதில்லை. முதன்மை அலையும் மறைந்து, 140 பாகையைத் தாண்டியதும் மீண்டும் தலைகாட்டுகிறது. நடுவில் இருப்பது நிழல் மண்டலம்.

இரண்டு புள்ளிகளையும் நேர்கோட்டால் இணையுங்கள். மையத்திலிருந்து அந்தக் கோட்டின் நடுப்புள்ளி வரை அளந்தால் சுமார் 3.9 சென்டிமீட்டர் வரும். அலையை மறிக்கும் உருண்டையின் ஆரம் அப்படியானால் 3,900 கிலோமீட்டர். உண்மையான கருவத்தின் ஆரம் 3,480. ஏன் இந்த வேறுபாடு? ஆழம் கூடக் கூட அலையின் வேகம் கூடுகிறது. அதனால் பாதை நேராக இல்லாமல் கீழ்நோக்கித் தொங்கிய வளைவாகப் போகிறது. நீங்கள் போட்ட கோட்டைவிட ஆழமாக இறங்கியும் அலை தப்பி வந்திருக்கிறது என்றால், மறிக்கும் உருண்டை இன்னும் சிறியதாகத்தான் இருக்க வேண்டும். இந்த வளைவைக் கணக்கில் சேர்த்து 2,900 கிலோமீட்டர் என்ற ஆழத்தை 1914இல் பேனோ குட்டன்பெர்க் கண்டார். கருவம் ஒன்று இருக்கிறது என்பதை 1906இலேயே ஓல்டாம் காட்டியிருந்தார்.

பக்கவாட்டில் உலுக்கும் அலை, வடிவம் மாறினால் எதிர்த்து மீளும் பொருளில்தான் செல்லும். திரவத்துக்கு அந்த எதிர்ப்பு இல்லை. ஆகவே கருவத்தின் வெளிப்பகுதியான வெளிக்கருவம் திரவம். ஹெரால்டு ஜெஃப்ரீஸ் இதை 1926இல் நிறுவினார். முதன்மை அலை திரவத்திலும் செல்லும். ஆனால் அதன் வேகம் வினாடிக்கு 13.7 கிலோமீட்டரிலிருந்து 8ஆகக் குறைவதால் உள்நோக்கி மடங்கி, வேறு இடத்தில் வெளியே வருகிறது. இடையில் நிழல் விழுவது அதனால்தான்.

படி 5: உலக உருண்டையில் நூல் பிடியுங்கள்

வடதுருவத்திலிருந்து தென்துருவம் வரை நூலை வைத்து அளந்தால் அது 180 பாகை. அதே அளவை வைத்து, சேலத்திலிருந்து மற்ற இடங்களுக்கு மிகக் குறுகிய வழியில் நூல் பிடித்துப் பாகையாக மாற்றுங்கள். ஜப்பானின் வடகிழக்குக் கரை 60 பாகையை ஒட்டி வரும். அங்கிருந்து இரண்டு அலைகளும் சேலத்துக்கு வரும். கலிபோர்னியா ஏறத்தாழ 130. அங்கே பூமி குலுங்கினால் சேலம் நிழலுக்குள் இருக்கும். சிலியின் சாந்தியாகோ 144. அங்கிருந்து முதன்மை அலை திரவக் கருவத்தைக் கடந்து நம்மை அடையும்.

நிழலுக்குள் எதுவும் வராது என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆனால் மெல்லிய அதிர்வுகள் வந்துகொண்டே இருந்தன. டென்மார்க்கின் இங்கே லேமான் 1929 நியூசிலாந்து நிலநடுக்கப் பதிவுகளை ஆராய்ந்து, திரவத்தின் நடுவில் இன்னோர் உருண்டை இருந்து அலைகளைத் திருப்பி அனுப்புகிறது என்று 1936இல் எழுதினார். அதுவே உட்கருவம்: ஆரம் 1,220 கிலோமீட்டர், திடப்பொருள். உங்கள் படத்தில் 1.2 சென்டிமீட்டர் ஆரத்தில் அதையும் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 6: பொருள் என்ன என்று தீர்மானியுங்கள்

கனமானது, வெளிப்பகுதி திரவம், உள்ளே திடம். இதற்குப் பொருந்துவது இரும்பு, கூடவே கொஞ்சம் நிக்கல். விண்கற்களில் ஒரு வகை இந்தக் கலவையாகவே இருக்கிறது. பூமியின் காந்தப்புலத்துக்கும் மின்சாரம் கடத்தும் திரவம் உள்ளே சுழன்றுகொண்டிருக்க வேண்டும். இரண்டு வைரமுனைகளுக்கு நடுவே இரும்புத் துகளை நசுக்கிச் சூடாக்கி, மையத்தின் 36 லட்சம் வளிமண்டல அழுத்தத்தில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் சோதிக்கிறார்கள். வெளிக்கருவம் சுத்த இரும்பைவிடச் சற்று லேசாக இருக்கிறது. அதில் கலந்திருக்கும் லேசான தனிமம் கந்தகமா, சிலிக்கனா, ஆக்சிஜனா என்ற விவாதம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.