லண்டனில் இரண்டு, இங்கே மூன்று: நிமோகோக்கல் தடுப்பூசியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் காய்கறி வாங்கும்போது, பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்த தோழி கேட்டார்: "அக்கா, லண்டனில் என் நாத்தனார் பிள்ளைக்கு நிமோகோக்கல் ஊசி ரெண்டே தவணைதானாம். இவனுக்கும் ரெண்டு போட்டாச்சு. அப்போ முடிஞ்ச மாதிரிதானே?" பையிலிருந்து சுகாதாரப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். மூன்று கட்டங்களில் இரண்டில் தேதி இருந்தது: நான்காம் மாதம், ஆறாம் மாதம். மூன்றாவது காலி. பிள்ளைக்கு வயது 14 மாதம்.

இல்லை, இன்னும் முடியவில்லை. நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் கொண்டுவரும் நிமோகோக்கஸ் கிருமிக்கு எதிரான ஊசி இது. நான் அதிகம் கேள்விப்படும் தவறு இதுதான், பிள்ளைக்கு அதிகம் இழப்பு தருவதும் இதுதான்.

பிரிட்டனில் 2019 வரை இரண்டாம் மாதம், நான்காம் மாதம், ஒரு வயது என்று மூன்று தவணை போட்டார்கள். 2020 ஜனவரியில் அதை இரண்டாக்கினார்கள்: மூன்றாம் மாதம் ஒன்று (2025 ஜூலையிலிருந்து அது நான்காம் மாதம்), ஒரு வயதில் ஒன்று. அவர்கள் எடுத்துவிட்டது தொடக்கத் தவணைகளில் ஒன்றை. ஒரு வயதில் போடும் பூஸ்டரில், அதாவது முன்பு பெற்ற பாதுகாப்பை வலுப்படுத்தும் தவணையில், கை வைக்கவே இல்லை. தோழியின் மகனுக்கோ தொடக்கத் தவணை இரண்டும் இருக்கிறது, பூஸ்டர் இல்லை. இது லண்டன் அட்டவணையும் இல்லை, சிங்கப்பூர் அட்டவணையும் இல்லை.

பூஸ்டர் ஏன் அவ்வளவு முக்கியம்? இந்தக் கிருமியின் மேல் சர்க்கரைப் பொருளாலான ஓர் உறை இருக்கிறது. கைக்குழந்தையின் உடலுக்கு அந்த உறையை அடையாளம் காணத் தெரியாது. அதனால்தான் தடுப்பூசியில் அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு இணைத்துக் கொடுக்கிறார்கள். முதல் தவணைகளில் உடல் கற்றுக்கொள்கிறது. பிறகு மாதங்கள் போகப்போக எதிர்ப்புப் பொருள் குறைகிறது. ஒரு வயதில் போடும் ஊசிதான் கற்றதை நினைவூட்டி, அளவை வெகுவாக ஏற்றிவிடுகிறது. நடக்கத் தொடங்கிய பிள்ளைகளின் மூக்கிலும் தொண்டையிலும்தான் இந்தக் கிருமி அதிகம் குடியிருக்கும். அங்கிருந்துதான் வீட்டிலிருக்கும் கைக்குழந்தைக்கும் தாத்தா பாட்டிக்கும் போகிறது. ஒரு வயது ஊசி அந்தக் குடியிருப்பையும் குறைக்கிறது.

சரி, ஒரு தவணை குறைந்தாலும் போதும் என்று ஆய்வில் தெரிந்ததுதானே என்று சிலர் கேட்கிறார்கள். பிரிட்டனில் இருநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் செய்த ஆய்வு அது. பூஸ்டருக்குப் பிறகு எடுத்த ரத்த மாதிரியில், அந்தத் தடுப்பூசி குறிவைக்கும் 13 நிமோகோக்கஸ் வகைகளில் 9 வகைகளுக்கு, தவணை குறைந்த குழந்தைகளின் எதிர்ப்பு மற்றவர்களுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தது. மீதி 4 வகைகளுக்குக் குறைவு. ஆனால் பூஸ்டருக்கு முந்தைய மாதங்களில், ஒரே தவணை வாங்கிய குழந்தைக்குச் சொந்தப் பாதுகாப்பு குறைவுதான். அந்த இடைவெளியில் அதைக் காப்பது சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொண்ட ஊசி. 2006 முதல் பெரும்பாலான குழந்தைகளுக்கும் போட்டுவந்ததால் பிரிட்டனால் அப்படி முடிவெடுக்க முடிந்தது. அது ஒரு நாடு எடுக்கும் முடிவு. ஒரு வீட்டில் உட்கார்ந்து நாமாக எடுக்கக்கூடியது இல்லை. சிங்கப்பூரின் தேசிய அட்டவணை இன்று கேட்பது 4, 6, 12 மாதங்களில் ஒவ்வொரு தவணை.

இன்னொரு குழப்பமும் உண்டு. குறைந்த தவணை என்றால் ஊசி மருந்தின் அளவைக் குறைப்பது என்று நினைக்கிறார்கள். இல்லை, எண்ணிக்கைதான் குறைகிறது. ஒவ்வொரு முறையும் போடுவது முழு அளவு மருந்துதான்.

பூஸ்டர் தவறிப்போவதற்கு நான் பார்த்த பெரிய காரணம் சோம்பல் இல்லை, பாசம். 12 மாத வருகையில் தட்டம்மை-பொன்னுக்கு வீங்கி-ரூபெல்லா ஊசி, சின்னம்மை ஊசி, இதுவும் சேர்த்து மூன்று. பிள்ளை வீறிட்டு அழும்போது பாட்டி, "பாவம், ஒண்ணை அப்புறம் போட்டுக்கலாம்" என்பார். அந்த அப்புறம் வருவதே இல்லை. மூன்றையும் ஒரே நாளில் போடலாம். தள்ளிவைத்தே ஆக வேண்டுமென்றால், அடுத்த தேதியை வாங்கிக்கொண்டு மருந்தகத்தை விட்டுக் கிளம்புங்கள்.

பாலர் பள்ளியில் கேட்கவில்லையே என்பதும் காரணமாகாது. இங்கே சட்டப்படி கட்டாயம் தட்டம்மைக்கும் தொண்டை அடைப்பான் நோய்க்கும் மட்டும்தான். நிமோகோக்கல் கட்டாயமில்லை. ஆனால் அந்தக் கிருமி கொண்டுவரும் நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் சட்டம் பார்த்து வருவதில்லை. சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்குப் பலதுறை மருந்தகங்களில் கட்டணமும் கிடையாது.

லேசான சளிக்காகத் தள்ளிப்போட வேண்டாம், காய்ச்சல் இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள். ஊசி போட்டும் சளி பிடிக்கிறதே என்று நம்பிக்கை இழக்கவும் வேண்டாம். சாதாரணச் சளி பெரும்பாலும் வைரசால் வருவது, அதற்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தமில்லை.

ஊருக்குப் போய் வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவின் அரசு அட்டவணையில் ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பதாம் மாதம் என்று வரும். அங்கே பாதியும் இங்கே பாதியுமாகப் போட்டிருந்தால், அங்கே கொடுத்த அட்டையை இங்குள்ள மருத்துவரிடம் காட்டி, மீதி எது, எப்போது என்று கேளுங்கள். தவணை தள்ளிப்போயிருந்தாலும் முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தோழியிடமும் இதைத்தான் சொன்னேன். அங்கேயே நின்றபடி கைப்பேசியை எடுத்து மருந்தகத்தில் நாள் கேட்டார்.