லேப்டாப் ஆன் ஆகவில்லையா? முதலில் கோப்புகள், பிறகுதான் பழுது

லேப்டாப் திடீரென்று ஆன் ஆகாமல் போனால் எல்லோருக்கும் ஒரே அவசரம்தான்: எப்படியாவது ஓட வைக்க வேண்டும். கோப்புகள் பறிபோவது பெரும்பாலும் அந்த அவசரத்தில்தான். கெட்டுப்போனது சார்ஜராக இருக்கலாம், பேட்டரி, டிஸ்ப்ளே, மதர்போர்டாக இருக்கலாம். விண்டோஸே கெட்டிருந்தாலும்கூட, அதே டிஸ்கில் பக்கத்தில் இருக்கும் உங்கள் படங்களும் கணக்குகளும் பல நேரம் அப்படியே இருக்கும். ஆகவே முதல் வேலை அவற்றை வெளியே எடுப்பது. மெஷினைச் சரிசெய்வது அப்புறம்.

2024 ஜூலை 19-ஐ நினைத்துப் பாருங்கள். கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பழுதான அப்டேட் ஒன்றால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அத்தனை கணினிகளும் செத்தது போலத் தெரிந்தன. ஆனால் அத்தியாவசியப் பகுதிகளோடு மட்டும் விண்டோஸ் திறக்கும் சேஃப் மோடில் நுழைந்து, பழுதான அந்தக் கோப்பை மட்டும் நீக்கினால் போதும் என்பதுதான் தீர்வாக இருந்தது. பதற்றத்தில் ஃபார்மட் செய்திருந்தால் இழப்பு நிஜமாகியிருக்கும்.

எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் கை வைப்பது

"ஆன் ஆகலை" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் மூன்று வேறு நிலைகள் இருக்கின்றன.

விளக்கே எரியவில்லை என்றால் சந்தேகம் மின்சாரத்தின் மேல். வேறு பிளக் பாயிண்ட்டில் போட்டுப் பாருங்கள். பிறகு சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரி தனியாகக் கழன்று வரும் மாடல் என்றால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்த பிறகு ஆன் ஆகும் லேப்டாப்கள் நிறைய. பின் பொருந்துகிறதே என்று பக்கத்து வீட்டுச் சார்ஜரைச் செருகாதீர்கள். ஒன்று 19 வோல்ட், இன்னொன்று 20 வோல்ட் என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டைப்-சி என்றால் ஃபோன் சார்ஜரின் வாட் போதாமல், நல்ல லேப்டாப்பே செத்தது போலக் கிடக்கும். அடிப்பக்கம் புடைத்து, டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நின்றால் பேட்டரி வீங்கியிருக்கிறது. அதை அழுத்தவோ சார்ஜ் போடவோ கூடாது.

விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. அப்போது ஃபோன் டார்ச்சைச் சாய்வாகத் திரைமேல் அடித்துப் பாருங்கள். மங்கலாக உருவம் தெரிந்தால் போனது திரையின் பின்விளக்குதான். எச்டிஎம்ஐ கேபிளால் வீட்டு டிவியோடு இணைத்துப் பார்ப்பது அதைவிட நல்லது. டிவியில் படம் வந்துவிட்டால் அங்கேயே ஒரு வெளி ஹார்ட் டிஸ்கைச் செருகி எல்லாவற்றையும் நகலெடுங்கள், பிறகு கடைக்குப் போகலாம். படம் அங்கும் வரவில்லை என்றால், ரேமைக் கழற்றித் துடைத்து மறுபடி பொருத்துவதால் சரியாவதும் உண்டு.

மூன்றாவது நிலையில் லோகோ வரும், புள்ளிகள் சுற்றும், அதற்கு மேல் நகராது. இல்லையென்றால் நீலத் திரை வரும். அதிக இழப்பு நேர்வது இந்த நிலையில்தான், ஏனென்றால் ரீசெட், ரிப்பேர் என்று அழுத்தத் தூண்டும் பட்டன்கள் இங்கே நிறைய இருக்கின்றன.

"ஓஎஸ் போட்டால் சரியாயிடும்"

விண்டோஸை மறுபடி நிறுவலாம் என்று கடையில் சொல்லும் இந்த வார்த்தையைக் கேட்டதும் கொஞ்சம் நிறுத்துங்கள். டெஸ்க்டாப்பில் வைத்தது, டவுன்லோட்ஸில் இறங்கியது, டாக்குமென்ட்ஸில் சேமித்தது எல்லாம் சி டிரைவில் இருக்கின்றன. விண்டோஸும் அங்கேதான் இருக்கிறது. கடைக்காரர் "சி டிரைவ் மட்டும்தான் போகும், டி டிரைவ் அப்படியே இருக்கும்" என்று சொல்வது உண்மையாகவே இருக்கலாம். போவதென்னவோ நீங்கள் தினமும் பயன்படுத்திய கோப்புகள். டி டிரைவைப் பாதுகாப்பு என்று நம்புவதும் ஆபத்து. சி-யும் டி-யும் பெரும்பாலும் ஒரே டிஸ்கின் இரண்டு பகுதிகள். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

விண்டோஸே காட்டும் ரீசெட்டில் கோப்புகளை வைத்துக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. டிஸ்க் நலமாக இருந்தால் அது ஓரளவு சரி. டிஸ்கே நொந்திருந்தால், அதன்மேல் பல ஜிபி எழுத வைப்பது மிச்சத்தையும் கெடுக்கும். செக்டிஸ்க் கட்டளையும் அப்படித்தான். அது வடிவமைக்கப்பட்டது டிஸ்கின் அமைப்பைச் சீராக்குவதற்கு, உங்கள் கோப்புகளை மீட்பதற்கு அல்ல. பெயரும் இடமும் தொலைந்த கோப்புகளைத் துண்டு துண்டாக ஒரு ஃபோல்டரில் போட்டுவிட்டு, "சரிசெய்தாகிவிட்டது" என்று சொல்லி முடித்துவிடும். நகல் எடுப்பதற்கு முன் அதை ஓட்டவே கூடாது.

ஹார்ட் டிஸ்கும் எஸ்எஸ்டியும் ஒன்றல்ல

பழைய லேப்டாப்பில் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்து, அதிலிருந்து டக், டக் என்று சீராகச் சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். படிக்கும் முனை தட்டின் பரப்பைத் தொடாமல், முடியின் தடிமனைவிடப் பல மடங்கு சிறிய இடைவெளியில் மிதக்க வேண்டும். அது தடுமாறும்போது ஒவ்வொரு முறை ஆன் செய்வதும் தட்டைக் கீறக்கூடும். "இன்னும் ஒரு தடவை பார்ப்போம்" என்பதில்தான் மீட்கக்கூடியது மீட்க முடியாததாகிறது. ஃப்ரீசரில் வைத்தால் வேலை செய்யும் என்ற யோசனை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும், அவ்வளவுதான். மூடியைத் திறந்து பார்ப்பதும் வேண்டாம், தூசி ஒன்று போதும். இந்த நிலையில் தூசியில்லாத அறை வைத்திருக்கும் தரவு மீட்பு நிறுவனத்திடம் போவதுதான் வழி. செலவு அதிகம். அந்தக் கோப்புகள் அந்தச் செலவுக்குத் தகுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

சுழலும் பாகம் இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சத்தமே வராது, முன்னறிவிப்பும் குறைவு. ஹார்ட் டிஸ்கில் தவறி அழித்ததை, மேலே எதுவும் எழுதாமல் இருந்தால், மீட்பு மென்பொருளால் பெரும்பாலும் எடுத்துவிடலாம். எஸ்எஸ்டியில் அந்த நம்பிக்கையை வைக்காதீர்கள். ஒரு கோப்பை அழித்தாலோ ஃபார்மட் செய்தாலோ, அந்த இடம் இனி தேவையில்லை என்று விண்டோஸ் டிரிம் கட்டளை மூலம் டிஸ்குக்குத் தெரிவித்துவிடும். டிஸ்க் அதைத் தானே காலி செய்துவிடும். விண்டோஸ் 7 காலத்திலிருந்தே இப்படித்தான். அதனால் எஸ்எஸ்டி உள்ள லேப்டாப்பை "முதலில் ஃபார்மட் பண்ணிடலாம், அப்புறம் ரெக்கவரி போட்டுக்கலாம்" என்று யாராவது சொன்னால் தயங்காமல் மறுத்துவிடுங்கள். எந்த வகை டிஸ்க் என்றாலும், மீட்பு மென்பொருளை அதே டிஸ்கில் நிறுவக் கூடாது. மீட்க வேண்டிய கோப்பின் மேலேயே அது போய் உட்காரக்கூடும்.

பூட்டுச் சாவியை மறப்பது

இது புதிய லேப்டாப்களில் வரும் சிக்கல். விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்திருந்தால், நீங்கள் எதையும் அமைக்காமலே டிஸ்க் பிட்லாக்கர் என்ற குறியாக்க முறையில் பூட்டப்பட்டிருக்கலாம். மதர்போர்டை மாற்றினாலோ, விண்டோஸுக்கு முன்பே வரும் பயாஸ் அமைப்புத் திரையில் பாதுகாப்புச் சிப்பில் உள்ளதை அழித்தாலோ 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். 2024-இல் கிரவுட்ஸ்டிரைக் பழுதின்போது பல அலுவலகங்களில் வேலை இழுத்துக்கொண்டு போனதற்கு இந்த எண்ணைத் தேடியதும் ஒரு காரணம். வீட்டு லேப்டாப் என்றால் ஃபோனிலிருந்தே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்த எண்ணைப் பார்க்கலாம். அலுவலகமோ கல்லூரியோ கொடுத்தது என்றால் அங்குள்ள ஐடி பிரிவிடம் இருக்கும். மதர்போர்டில் கை வைப்பதற்கு முன் அந்த எண் உங்களிடம் இருக்க வேண்டும்.

சரி, எப்படி எடுப்பது?

டிஸ்க் நலமாக இருந்து விண்டோஸ் மட்டும் கெட்டிருந்தால் ஒரு பென்டிரைவ் போதும். வேறொரு கணினியில் ரூஃபஸ் என்ற இலவசக் கருவியால் உபுண்டு லினக்ஸை அதில் ஏற்றிக்கொள்ளுங்கள். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும் என்பதால் காலியான ஒன்றை எடுங்கள். லேப்டாப்பை ஆன் செய்யும்போது பூட் மெனு விசையைத் தட்ட வேண்டும்: டெல்லிலும் பல லெனோவோக்களிலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, அசூஸில் எஸ்கேப். அங்கே நிறுவுவதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, முயன்று பார்க்கும் (டிரை) வழியை மட்டும் எடுங்கள். நிறுவினால் டிஸ்க் அழியக்கூடும். உள்ளே நுழைந்ததும் உங்கள் டிரைவ் தெரியும், வெளி டிஸ்குக்கு நகலெடுக்கலாம். படிக்க மட்டுமே முடிகிறது என்று சொன்னால் கவலைப்படாதீர்கள், நமக்கு அதுதான் வேண்டும்.

லேப்டாப்பே உயிர் பெறவில்லை என்றால் டிஸ்கைக் கழற்றி யூஎஸ்பி கேஸில் போட்டு வேறு கணினியில் செருகலாம். கேஸ் வாங்கும்போது டிஸ்கைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். பார்க்க ஒன்று போலிருக்கும், எம்.2 என்ற மெல்லிய பட்டை வடிவ டிஸ்க்களில் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை உண்டு, ஒன்றுக்கான கேஸ் மற்றொன்றுக்குப் பொருந்தாமல் போகலாம். மெலிதான சில லேப்டாப்களிலும் புது மேக்புக்குகளிலும் டிஸ்க் போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கும். அவற்றில் இந்த வழி இல்லை. செருகியதும் "ஃபார்மட் செய்ய வேண்டுமா" என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். பழைய பயனர் ஃபோல்டருக்கு அனுமதி கேட்டால் மட்டும் தொடரலாம். பாதியில் நகல் நின்று நின்று போனால் டிஸ்க் நொந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது கோப்பு கோப்பாக இழுக்காமல், டிடிரெஸ்க்யூ போன்ற கருவியால் டிஸ்க் முழுவதையும் இன்னொரு டிஸ்கில் பிம்பமாக எடுத்து, அதிலிருந்து மீட்கலாம். அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களைக் கடைசியில் தொடும்.

படங்களும் டாக்குமென்ட்ஸும் வந்துவிட்டன என்று நிறுத்திவிடாதீர்கள். டாலி கணக்குகள் பொதுவாக சி டிரைவில் பொதுப் பயனர் ஃபோல்டருக்குள் இருக்கும், உங்கள் பெயரிலுள்ள ஃபோல்டரில் கிடைக்காது. அவுட்லுக் மின்னஞ்சல் கோப்பு, பிரவுசரில் சேமித்த புக்மார்க்குகள் ஆகியவற்றையும் தேடி எடுங்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய தமிழ் ஆவணங்கள் இருந்தால், விண்டோஸின் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து நகலெடுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கட்டுரை முழுக்க ஆங்கில எழுத்துகளாக உடைந்து நிற்கும்.

நகலெடுத்தவற்றில் பெரிய வீடியோ ஒன்று, பழைய படம் ஒன்று, கணக்குக் கோப்பு ஒன்று எனத் திறந்து பார்த்து உறுதி செய்த பிறகே லேப்டாப்பை சர்வீசுக்குக் கொடுங்கள். வாரன்டியில் டிஸ்கை மாற்றினால் பழைய டிஸ்கை அவர்களே வைத்துக்கொள்வது வழக்கம். வேண்டுமென்றால் கொடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், ஜாப் ஷீட்டில் எழுதியும் வாங்குங்கள்.