சோலைமந்திக்கு புது இடம் கட்டுறீங்களா? ரிசர்ச் ரூம்ல இருந்து பிளானை ஆரம்பிங்க

ஜூவுல குரங்குக்கு புது இடம்னாலே பார்வையாளர் எங்க நிப்பாங்கன்னுதான் முதல் கோடு போடுறாங்க. அதுக்கு முன்னாடி ரிசர்ச் ரூம், அதாவது குரங்கோட அறிவையும் நடத்தையையும் டெஸ்ட் பண்ணிப் பார்க்குற ரூம், எங்க வருதுன்னு முடிவு பண்ணுங்க, சுவர் எழும்பின பிறகு அதை நுழைக்க இடமே கிடைக்காது.

சோலைமந்தியையே எடுத்துக்குவோம், அதாங்க சிங்கவால் குரங்கு. மேற்குத் தொடர்ச்சி மலைய விட்டா வேற எந்தக் காட்டுலயும் கிடையாது, பெரும்பாலும் மரத்து மேலயே வாழுற ஜீவன், அதனால சதுர அடி கணக்கு மட்டும் பார்த்தா பத்தாது, உயரம் வேணும், ஒண்ணோட ஒண்ணு சண்டை வந்தா மறைஞ்சுக்க இலை மறைவும் வேணும். முக்கியமா எந்த ரூமா இருந்தாலும் ரெண்டு வழி வைங்க, ஒரே கதவுன்னா பெரிய ஆண் வாசல்ல உக்காந்துக்கும், பலவீனமானது உள்ளயே மாட்டிக்கும். தண்ணி அகழி மட்டும் போட்டு தப்பிக்காதுன்னு நம்பாதீங்க, இந்த இனக் குரங்குங்க நீந்தும்.

ரிசர்ச் ரூமுக்கு நல்ல உதாரணம் ஸ்காட்லாந்து எடின்பரோ ஜூவுல 2008ல திறந்த லிவிங் லிங்க்ஸ்ங்குற ஆராய்ச்சி மையம். அங்க கப்புச்சின் குரங்கும் ஸ்குவிரல் மங்கியும் இஷ்டப்பட்டா சின்ன ரூமுக்குள்ள வரும், டெஸ்ட் நடக்குறத ஜனங்களும் பார்க்கலாம். அதே மாதிரி வர்றதும் போறதும் குரங்கோட விருப்பமா இருக்கட்டும், வரலைன்னா சாப்பாட்டை குறைக்கவே கூடாது. முதல் பயிற்சியா எடை மெஷின்ல ஏறி உக்கார பழக்குங்க, டாக்டருக்கும் அது தினமும் உதவும்.

கல்விக்கு போர்டு மட்டும் போதாது. வால்பாறையில இதுங்க ரோட்டைக் கடக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டி விட்டிருக்காங்க இல்லையா, அதே மாதிரி ஒண்ண பார்வையாளர் நடைபாதைக்கு மேல கம்பி வலை டனலுக்குள்ள கட்டுங்க, தலைக்கு மேல மந்தி போறதைப் பார்த்த குழந்தைக்கு ரோடு காட்டை என்ன பண்ணுதுன்னு நீங்க விளக்கவே வேண்டாம். கண்ணாடிப் பக்கத்துல ஒரு காஞ்ச மரக்கட்டை போடுங்க, பட்டையை உரிச்சு பூச்சி தேடுறதையும், பழத்தை கன்னத்துக்குள்ள உப்ப உப்ப அடைச்சுக்குறதையும் முகத்துக்கு நேரா பார்க்கலாம். பல்லைக் காட்டுனா அது சிரிப்பில்ல, பெரும்பாலும் பயம், முறைச்சுப் பார்த்தா அதுக்கு மிரட்டல்னு அங்கயே எழுதி வைங்க. கண்ணாடி எதுக்குன்னா, நம்ம காச நோய் அதுங்களுக்கும் தொத்தும்.

ட்ராயிங்கை சென்ட்ரல் ஜூ அத்தாரிட்டிக்கு (ஜூக்களை கண்காணிக்குற மத்திய அரசு அமைப்பு) அனுப்புறதுக்கு முன்னாடி கீப்பர்கள உக்கார வச்சு காட்டுங்க, எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கணும்னு அவங்களுக்குத்தான் தெரியும்.