முதல் ஸ்டுடியோ புராஜெக்ட்டுக்கு ஒரு தெருவும் ஒரு பொருளும் போதும்

நான் ஆர்க்கிடெக்சர் இரண்டாம் ஆண்டு படித்தபோது, பொருள், வடிவம், வரைபடம் என்று ஒரே செமஸ்டரில் மூன்று பயிற்சிகள் கொடுத்தார்கள். மூன்றையும் தனித்தனியாகச் செய்தேன். வரைபடத்துக்கு மயிலாப்பூர் மாட வீதி, பொருளுக்குக் களிமண், வடிவத்துக்கு எங்கேயோ படத்தில் பார்த்த அலை அலையான ஒரு கூரை. ஜூரிக்கு, அதாவது ஆசிரியர்கள் வேலையைப் பார்த்துக் கேள்வி கேட்கும் நாளுக்கு, முந்தின இரவு, மண் மாடல் இன்னும் ஈரமாக இருக்கிறதே என்று டேபிள் ஃபேனை அதற்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டுப் படுத்தேன். விடிந்து பார்த்தால் காற்றுப் பட்ட பக்கம் முழுக்க விரிசல். அதை ஒட்ட வைக்கவும் நேரமில்லை.

இப்போது ஆபீஸ் வேலையோடு வாரத்தில் 2 நாள் ஸ்டுடியோ, அதாவது வடிவமைப்பு வகுப்பு, எடுக்கிறேன். புதிதாக வருகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: ஒரு தெருவைப் பிடியுங்கள், பொருளை அந்தத் தெருவிலிருந்தே எடுங்கள், வடிவத்தைப் பற்றி முதல் மூன்று வாரம் பேசவே பேசாதீர்கள்.

சென்னையில் தெருவுக்குப் பஞ்சமில்லை. காகிதம் என்றால் பாரிமுனையில் ஆண்டர்சன் தெரு. கண்ணாடியும் படச்சட்டமும் தேவராஜ முதலி தெரு. பழைய வண்டிப் பாகங்கள் புதுப்பேட்டை. நான் அதிகமாக அனுப்புவது கொசப்பேட்டைக்கு. புரசைவாக்கத்தை ஒட்டிய பழைய குயவர் பகுதி அது, பெயரிலேயே தொழில் இருக்கிறது. பிள்ளையார் சதுர்த்திக்கும் கொலுவுக்கும் முந்தைய வாரங்களில் மட்டும் போகாதீர்கள். அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, நீங்கள் குறுக்கே நிற்பீர்கள்.

முதல் நாள் கேமரா வேண்டாம். 30 மீட்டர் டேப்பை விரித்து, உங்கள் இயல்பான நடையில் மூன்று தடவை நடந்து காலடியை எண்ணுங்கள். எனக்கு 44 காலடி வரும், அதாவது ஒரு காலடி 68 செ.மீ. இது தெரிந்துவிட்டால் டேப் பிடிக்க ஆள் இல்லாமலே ஒரு தெருவை அளந்துவிடலாம். இந்த ஊரில் அளவுக்கு ஒரு நல்ல பரம்பரை இருக்கிறது. 1802 ஏப்ரலில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் இந்தியாவின் பெரிய நில அளவைக்கு அடிக்கோடு, அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான முதல் கோடு, போட்டது பரங்கிமலை அருகில்தான். 7.5 மைல் தூரத்தை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளக்க 57 நாள் ஆனது. உங்களுக்கு ஒரு வாரம்கூட வேண்டாம், ஆனால் அந்தப் பொறுமை வேண்டும்.

அடிப்படை வரைபடத்தை ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் எடுத்து 1:200 அளவில் பிரிண்ட் போடுங்கள். 6 மீட்டர் தெரு தாளில் 3 செ.மீ. வரும், திண்ணை வரைய அது போதும். அந்த மேப்பில் கட்டட விளிம்புதான் இருக்கும். திண்ணை, தகர இறக்கம், தண்ணீர் டிரம், சைக்கிள் நிறுத்தும் மூலை, காய வைத்த பொம்மைகள், இதெல்லாம் நீங்கள் போட வேண்டியவை. ஒரு வீட்டு வாசலில் நின்று வரைவதற்கு முன்னால் "அக்கா, இங்க கொஞ்ச நேரம் நின்னு வரையலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஸ்டூலே கொண்டுவந்து போடுவார்கள்.

அப்புறம் மேலே மூன்று டிரேசிங் ஷீட். காலை 8 மணி நிழல், உச்சி நிழல், மாலை 4 மணி நிழல். ஒவ்வொன்றிலும் ஆட்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே உட்கார்கிறார்கள் என்று புள்ளி வையுங்கள். மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் எந்த இடத்தில் எப்போதுமே நிழல் இல்லை என்று தெரியும். உங்கள் புராஜெக்ட் அங்கேதான் இருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். பாடப் புத்தகப் பழக்கத்தில் வெயில் தெற்கிலிருந்து வரும் என்றே வரைகிறார்கள். சென்னை 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில் உச்சி வெயில் வடக்குப் பக்கத்திலிருந்து விழும். ஜூன் 21 அன்று 12:10 வாக்கில் 6 மீட்டர் சுவரின் நிழல் தெற்கே 1.1 மீட்டர்தான். டிசம்பர் 22 அன்று அதே சுவரின் நிழல் வடக்கே சுமார் 4.4 மீட்டர். ஒரே நாள் போய் வரைந்த நிழலை வருஷம் முழுக்க அப்படித்தான் என்று நம்பாதீர்கள். கணக்குப் போட்டு இன்னொரு ஷீட் சேருங்கள்.

சரி, மண். 2 கிலோ மண்ணை விலை கொடுத்து வாங்குங்கள், சும்மா கேட்காதீர்கள். போன வருஷம் என் மாணவி ஒருத்தி கொண்டுவந்த மண்ணைக் கொசப்பேட்டையில் ஒரு பெரியவரிடம் காட்டினோம். ஒரு பிடி எடுத்துப் பென்சில் கனத்துக்குக் கயிறாக உருட்டி, ஆள்காட்டி விரலைச் சுற்றி வளைத்தார். விரிசலே விழவில்லை. நாங்கள் சந்தோஷப்பட்டோம். அவர் தலையை ஆட்டினார். "இதுல பிசுபிசுப்பு ஜாஸ்திம்மா. காயும்போது ரொம்ப சுருங்கும். சலிச்ச மணல் கொஞ்சம் சேத்துக்க." சேர்த்துப் பிசைந்து, மறுபடி உருட்டி, வளைத்து, மூன்றாவது தடவை லேசாக மயிர்க்கோடு விழுந்ததும் போதும் என்றார்.

அதற்குப் பிறகுதான் சோதனை ஓடு. 12 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 1 செ.மீ. கனம். ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் சரியாக 100 மி.மீ. கோடு கீறுங்கள். மணல் இல்லாமல் ஒன்று, மணல் அளவை மாற்றி மாற்றி மூன்று. பின்பக்கம் எண் போடுங்கள், இல்லாவிட்டால் எது எதென்று தெரியாமல் போய்விடும். நிழலில், நியூஸ்பேப்பருக்கு மேலே, தினமும் திருப்பிப் போட்டுக் காய விடுங்கள். ஒரு பக்கம் சீக்கிரம் காய்ந்து சுருங்கினால் மறுபக்கம் இழுத்து விரிசல் விடும். என் மாடல் போனது அதனால்தான். அந்த மாணவியின் ஓட்டில் காய்ந்ததும் கோடு 94 ஆனது, சூளையில் சுட்டு எடுத்ததும் 92. சுடாமல் காய்ந்தது மட்டும் என்றால் தண்ணீரில் போட்டதும் கரைந்துவிடும். சுமார் 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால்தான் மண் திரும்ப மண்ணாகாது. குயவரின் சூளையில் இடம் கேட்டு வையுங்கள், அவர்கள் சூளை போடும் நாளைக்கு உங்கள் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது வடிவம். அந்த மாணவியின் வரைபடத்தில் வடக்கு பார்த்த ஒரு வாசலில் ஜூன் உச்சியில் நிழலே இல்லை. வடக்குச் சுவரில் 1 மீட்டர் உயரத்தை நிழலில் வைக்க, அன்றைய உச்சி வெயிலுக்கு 18 செ.மீ. நீட்டல் போதும். ஒரே பலகையாக நீட்டாமல், 30 செ.மீ. உயரத்துக்கு ஒன்றாக 5.5 செ.மீ. நீட்டும் சுட்ட மண் துண்டுகளாகப் பிரித்தாள். சுட்ட பிறகு 5.5 வேண்டுமென்றால் ஈரத்தில் 6 செ.மீ. செய்ய வேண்டும். அந்த 6 என்ற எண்ணில் தெருவும் இருக்கிறது, மண்ணும் இருக்கிறது. காலை, மாலை வெயில் சரிவாக வருவதால் பக்கவாட்டில் செங்குத்துத் தடுப்பும் தேவைப்பட்டது. அதனால் துண்டுகள் ட வடிவத்துக்கு வந்தன. பார்க்கவும் அழகாக இருந்தது. இப்படிக் கிடைக்கும் வடிவத்தை ஜூரியில் யாரும் "ஏன் இப்படி?" என்று கேட்டு மடக்க முடியாது.

காகிதம் எடுத்தவர்களுக்கும் வழி இதேதான். முதலில் இழை, அதாவது காகிதத்தில் நார் ஓடும் திசை, பார்க்க வேண்டும். நியூஸ்பேப்பரைக் கிழித்தால் ஒரு திசையில் நேராகவும் இன்னொரு திசையில் கோணலாகவும் கிழியும். கனமான போர்டை இழையோடு மடித்தால் மடிப்பு சுத்தமாக வரும், குறுக்கே மடித்தால் உடையும்.

ஜூரிக்கு வரைபடத்தைக் கண் மட்டத்தில் ஒட்டுங்கள். சோதனை ஓடுகளை, விரிசல் விட்டவற்றையும் சேர்த்து, அதற்குக் கீழே மேசையில் எண் வரிசையில் வையுங்கள். தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சுட்ட துண்டுகளை வைக்கோலோ கசக்கிய நியூஸ்பேப்பரோ போட்டுத் தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி, முந்தின நாள் மதியமே ஸ்டுடியோவில் கொண்டுவந்து வைத்துவிடுங்கள். காலை 8 மணி எலெக்ட்ரிக் டிரெயினில் மண் மாடலோடு ஏறாதீர்கள்.